இழை முனையில் ஒளியைக் காப்பவர்கள்

ஒளிவிலகல் எண்ணில் ஒன்றைக் கழியுங்கள். அதே எண்ணோடு ஒன்றைக் கூட்டுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்து வர்க்கம் எடுங்கள். ஒரு முனையில் எதிரொளித்துத் திரும்பும் ஒளியின் பங்கு அது. சிலிக்கா இழைக்கு விடை சுமார் 3.5 விழுக்காடு. ஆர்செனிக் சல்பைடு இழைக்கோ 17! இரு முனைகளிலுமாக, அனுப்பிய ஒளியில் கால் பங்குக்கு மேல் வீணாகிறது. அகச்சிவப்பு இழைத் துறைக்கு வருகிறவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய கணக்கு இது.

எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சு பூசினால் போதாதா? ஆர்செனிக் சல்பைடு கண்ணாடி சூட்டில் சிலிக்காவைவிடப் பல மடங்கு விரியும். மேலே உள்ள பூச்சு அந்த அளவுக்கு விரியாவிட்டால் உரிந்துவிடும். அதனால்தான் இழை முனையிலேயே நுண்கூம்புகளைப் பதிக்கிறோம். அந்துப்பூச்சியின் கண்ணில் உள்ள அதே அமைப்பு. நுனியில் காற்று அதிகம், அடியில் கண்ணாடி அதிகம். இடையில் திடீர் எல்லை இல்லாததால் ஒளி அதிகம் திரும்புவதில்லை. ஆய்வாளர்கள் கிளாப்ஹாமும் ஹட்லியும் 1973-லேயே இதைக் கண்ணாடியின் மேல் செய்து காட்டினார்கள்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது வடிவமைப்பில்தான். 2 முதல் 5 மைக்ரோமீட்டர் வரை எல்லா அலைநீளத்துக்கும் வேண்டும் என்று தொடங்குவார்கள். கூம்புகளின் இடைவெளி, மிகக் குறைந்த அலைநீளத்தை ஒளிவிலகல் எண்ணால் வகுத்ததற்குள் இருக்க வேண்டும்: 0.8 மைக்ரோமீட்டர். உயரம், மிக நீண்ட அலைநீளத்தில் ஐந்தில் இரண்டு பங்காவது வேண்டும்: 2 மைக்ரோமீட்டர். ஆக, ஊசி போன்ற கூம்பு. கணினி அதை மெச்சும். ஆனால் சூடாக்கிய இழை முனையில் நிக்கல் அச்சை அழுத்தி எடுக்கும்போது நுனிகள் அச்சோடு போய்விடலாம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் அறுவடை முடிந்த வயலின் தாள்கட்டைபோல் தெரியும்.

எனவே முதல் கேள்வி வாடிக்கையாளரிடம்: உண்மையில் எந்த அலைநீளம் வேண்டும்? 4.6 மைக்ரோமீட்டர் லேசர் ஒன்று மட்டும்தான் என்றால், இடைவெளியும் உயரமும் 1.8 மைக்ரோமீட்டர் அளவில் போதும். குட்டையான, திடமான கூம்பு. இரண்டாவது கேள்வி அச்சு போடுபவரிடம்: எவ்வளவு உயரம் உடையாமல் வரும்? இந்த இரண்டு பதிலும் கையில் இல்லாமல் வடிவமைப்பு மென்பொருளைத் திறக்காதீர்கள்.

இன்னொன்று. இது ஆர்செனிக் கண்ணாடி. கையுறை கட்டாயம், வெட்டிய துண்டையும் மெருகேற்றிய தூளையும் தனிக் கலனில் சேருங்கள்.

இந்தத் துறையில் வேலைக்கான நேர்காணலுக்குப் போகும்போது தடித்த அறிக்கை வேண்டாம். ஒரே இழையில், அச்சுக்கு முன்னும் பின்னும் நீங்களே அளந்த இரண்டு கடத்தல் வரைபடங்களை எடுத்துப் போங்கள்.