எஸ்.பி. ரோட்டுக்குப் போகும் முன்

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற பிள்ளைகளும், பிளெண்டரில் அனிமேஷன் பழகுகிற பிள்ளைகளும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அங்கிள், எந்த கம்ப்யூட்டர் வாங்கலாம்?" பாதிப் பேர் அம்மாவின் நகையை அடகு வைத்து வாங்குகிறார்கள். அதனால்தான் இதை எழுதிவைக்கிறேன்.

1. உங்கள் வேலை எங்கே திணறுகிறது என்று முதலில் பாருங்கள். இருப்பதிலேயே கனமான ப்ராஜெக்டை ஒரு நண்பரின் மெஷினில் திறந்து, பக்கத்திலேயே டாஸ்க் மேனேஜரையும் திறந்து வையுங்கள். ரேம் நிரம்பிவிட்டதா, டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். பிராசசர் கணக்கில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். மொத்தத்தில் 10 சதவீதம் என்று காட்டும். உள்ளே ஒரே ஒரு கோர் மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருக்கும். கட்டட வரைபடம், மாடலிங் செய்கிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அவர்கள் 16 கோர் வாங்கினாலும் வேலை நகராது. ஒவ்வொரு கோரின் வேகத்தைப் பார்த்து வாங்க வேண்டும். பிராசசரில் ரெண்டர் செய்கிறவர்களுக்கு நேர்மாறு, எத்தனை கோர் கொடுத்தாலும் போதாது.

2. 4கே எடிட்டிங்குக்கு 32 ஜிபி ரேம் வேண்டும். ஒரே ஸ்டிக்காக வாங்காமல் 16, 16 என்று இரண்டாகப் போடுங்கள். தரவு இரண்டு வழியில் ஓடும்.

3. கிராஃபிக்ஸ் கார்டில் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். ஆர்டிஎக்ஸ் 3060 என்ற ஒரே பெயரில் 12 ஜிபி கார்டும் வந்தது, 8 ஜிபி கார்டும் வந்தது. பிளெண்டர் காட்சி கார்டின் நினைவகத்துக்குள் அடங்காவிட்டால் ரெண்டர் தவழும், இல்லையென்றால் பாதியில் நின்றுவிடும்.

4. இன்டெல் பிராசசர் எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. விலை கொஞ்சம் குறையும். ஆனால் இன்றைய கேமராக்கள் தரும் 10-பிட் 4:2:2 எச்.265 காட்சிகளைத் தடங்கலில்லாமல் ஓட்டுவது அந்த உள்ளமைந்த கிராஃபிக்ஸ்தான். என்விடியாவின் 40 வரிசை வரையிலான கார்டுகளுக்கு அது வராது. வீடியோக்காரர்கள் இந்த இடத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

5. காவிரியின் சிவனசமுத்திரத்திலிருந்து 1905-லேயே மின்விளக்கு எரிந்த ஊர் இது. ஆனாலும் மழை பிடித்தால் கரண்ட் போகிறது. யுபிஎஸ் கட்டாயம். 600 விஏ என்று பெரிதாக எழுதியிருக்கும். அது தாங்குவது பெரும்பாலும் 360 வாட்தான். ரெண்டர் ஓடும்போது உங்கள் மெஷின் 450 வாட் இழுத்தால், கரண்ட் போன அதே நொடி எல்லாம் அணைந்துவிடும். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். கேபினட்டைத் தொட்டால் விறுவிறுவென்று இருந்தால், முதல் செலவு அதற்குத்தான்.

6. எஸ்.பி. ரோட்டில் மூன்று கடையாவது ஏறி இறங்குங்கள். சீரியல் எண் போட்ட ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பெட்டியில்லாமல் தரும் 'ட்ரே' பிராசசருக்குப் பொதுவாகக் கம்பெனி வாரண்டி வராது, கடைக்காரர் பேச்சுதான்.

7. நடப்பு வேலை என்விஎம்இ எஸ்எஸ்டியில் இருக்கட்டும். முடிந்தது ஹார்ட் டிஸ்க்குக்குப் போகட்டும். எல்லாவற்றுக்கும் மூன்று நகல், அதில் ஒன்று வேறு வீட்டில். பல வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்தின் காட்சி முழுவதையும் ஒரே டிஸ்க்கில் வைத்திருந்தேன். எடிட்டிங் பாதியில் அது டக் டக்கென்று சத்தம் போட்டு நின்றது. பெண்ணின் அப்பா கல்யாணம் முடிந்த அடுத்த மாதமே காலமாகியிருந்தார். அவர் தாரை வார்த்துக் கொடுத்த காட்சி வேறெங்கும் இல்லை. பெண்ணின் அம்மா வீட்டு வாசலில் நின்று அதைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "ஒரு நிமிஷமாவது கிடைக்குமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அன்றே போய் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கினேன்.