கேபிளை விட்டு ஃபிரீ டிஷ்ஷுக்கு: கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் வீடுகளுக்கு முழுமையான வழிகாட்டி

மாதாமாதம் கேபிளுக்கு இருநூறு, முந்நூறு என்று போகிறது. வாடகை, பஸ் செலவு, பிள்ளைகளின் ஃபீஸ் எல்லாம் போக மிஞ்சுவதில் அது சின்னத் தொகை இல்லை. பிரசார் பாரதியின் டி.டி. ஃபிரீ டிஷ் 2004 டிசம்பரிலிருந்து இயங்குகிறது. மாதக் கட்டணம் கிடையாது, ரீசார்ஜ் கிடையாது. டிஷ்ஷும் பெட்டியும் வாங்க ஒரே ஒரு முறை ஏறத்தாழ 2,000 ரூபாய் ஆகும்.

மாடியில் கிடக்கும் பழைய மீன்முள் ஆன்டெனாவை நம்ப வேண்டாம். தூர்தர்ஷனின் அனலாக் கோபுரங்கள் 2022க்குள் அநேகமாக எல்லாமே மூடப்பட்டுவிட்டன. இங்கே இலவச டிஜிட்டல் டி.வி. என்றால் நடைமுறையில் ஃபிரீ டிஷ்தான்.

முதலில் வீட்டில் பேசுங்கள்

சன் டி.வி., விஜய், ஜீ தமிழ் மூன்றும் கட்டணச் சேனல்கள். ஃபிரீ டிஷ்ஷில் அவை வராது. பொதிகை என்று நாம் பழகி, 2024 ஜனவரியில் பெயர் மாறிய டி.டி. தமிழ் வரும். மற்றபடி தமிழ் குறைவு. இந்தி, போஜ்புரி சேனல்களும் செய்திகளும் பழைய படங்களும்தான் அதிகம்.

அதனால் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் தங்கி வேலை பார்க்கும் பீகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. நாலைந்து பேர் செலவைப் பகிர்ந்துகொண்டால் ஒரே மாதத்தில் முடிகிற விஷயம். தமிழ்க் குடும்பங்களில் நிலைமை வேறு. பகல் முழுக்க வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்கோ பாட்டிக்கோ மதியச் சீரியல்தான் துணை என்றால், அவர்களைக் கேட்காமல் கேபிளை வெட்டாதீர்கள். பணம் மிச்சமாகும், வீட்டில் ஒருவருடைய நாள் வெறுமையாகிவிடும்.

தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் பிடிப்பதால் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே வைத்திருக்கும் வீட்டில் ஒரு மாலை உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாங்க வேண்டியவை

60 செ.மீ. டிஷ், அதன் முன்னால் பொருந்தும் சிக்னல் ஏற்பியான யுனிவர்சல் எல்.என்.பி., ஆர்.ஜி.6 வயர், செட்டாப் பாக்ஸ். பெட்டி வாங்கும்போது 'எம்பெக்-4' என்று கேட்டு வாங்குங்கள். மலிவான எம்பெக்-2 பெட்டியில் பல சேனல்கள் வராது. புது டி.வி. என்றால் சேட்டிலைட் ட்யூனர் உள்ளேயே இருக்கிறதா பாருங்கள், பெட்டிச் செலவு மிச்சம். பழைய டி.டி.எச். டிஷ் சும்மா கிடந்தால் அதுவே போதும், திசையை மாற்றினால் சரி.

டிஷ்ஷைத் திருப்புவது

பலர் தடுமாறுவது இங்கேதான். ஃபிரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. அது நிற்கும் இடம் 93.5 டிகிரி கிழக்கு. நம் பகுதியிலிருந்து பார்த்தால் அது சரியாகத் தென்கிழக்கு: கும்மிடிப்பூண்டியில் நின்றால் மீஞ்சூர், அத்திப்பட்டு பக்கம், திருவள்ளூரில் நின்றால் தாம்பரம் பக்கம். உயரம் சுமார் 68 டிகிரி.

இவ்வளவு உயரத்தில் இருப்பது நமக்கு நல்லது. எதிரே பத்தடிச் சுவர் இருந்தாலும் ஐந்தடி தள்ளி வைத்தால் மறைக்காது. தலைக்கு மேல் கவிந்த தென்னையும் வேம்பும்தான் தொல்லை.

திசை பார்க்க செல்போன் காம்பஸ் போதும். ஆனால் தகரக் கூரை, இரும்புக் கம்பி, தண்ணீர் டேங்க் ஸ்டாண்டு பக்கத்தில் நின்றால் முள் தப்பான திசையைக் காட்டும். நாலைந்து அடி விலகி நின்று பார்த்து, அந்தத் திசையில் ஒரு அடையாளத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிஷ்ஷைப் பொருத்தும் கம்பம் செங்குத்தாக இருக்க வேண்டும். டிஷ்ஷின் பின்னால் உள்ள அளவுகோலில் 68ஐ வையுங்கள். டிஷ் பாதிதான் நிமிர்ந்திருப்பதுபோல் தெரியும்; அதன் வடிவமைப்பே அப்படி, பயப்பட வேண்டாம். டி.வி.யில் சிக்னல் பக்கத்தைத் திறந்து ஒருவரைக் கீழே உட்கார வைத்துவிட்டு, டிஷ்ஷை விரல் அகலம் விரல் அகலமாக நகர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று விநாடி நிறுத்துங்கள், மீட்டர் மெதுவாகத்தான் ஏறும். 'ஸ்ட்ரெங்த்' ஏறியது என்று சந்தோஷப்படாதீர்கள். பார்க்க வேண்டியது 'குவாலிட்டி'. 95 டிகிரியில் வேறொரு செயற்கைக்கோள் ஒட்டினாற்போல் நிற்கிறது, தவறி அதைப் பிடித்துவிடுவது சுலபம். சேனல்களை ஸ்கேன் செய்து பாருங்கள்; டி.டி. சேனல்கள் வராவிட்டால் இன்னும் கொஞ்சம் தெற்கே திருப்புங்கள். கடைசியாக எல்.என்.பி.யை அதன் பிடியில் இரு பக்கமும் மெல்லச் சுழற்றி, குவாலிட்டி உச்சத்தில் நிற்கும் இடத்தில் இறுக்குங்கள்.

வயர்

ஆர்.ஜி.6 முனையைச் சீவும்போது வெளிப்பின்னலின் ஒரு இழைகூட நடுச் செம்புக் கம்பியைத் தொடக் கூடாது. தொட்டால் சிக்னலே வராது. வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

கேபிளை நிறுத்துவது

ஒரு மாதம் இரண்டையும் வைத்துப் பாருங்கள். திருப்தி என்றால் பாக்கியைக் கட்டி, பெட்டியைக் கேபிள்காரரிடம் ஒப்படைத்து, கையெழுத்துப் போட்ட ரசீது வாங்குங்கள்.

மழையும் தூசியும்

வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது படம் கட்டம் கட்டமாக உடையும். மழை விட்டதும் தானே சரியாகிவிடும், டிஷ்ஷைத் தொடாதீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் போல்ட்டுகளை இறுக்குங்கள். உருக்காலைகளின் தூசியும் பழவேற்காட்டுப் பக்கத்து உப்புக்காற்றும் கலந்த ஊர் இது. நட்டுகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கிரீஸ் தடவி, எல்.என்.பி. முனையில் துரு ஏறியிருக்கிறதா பாருங்கள். ஏறியிருந்தால் கனெக்டரை மாற்றிவிடுங்கள்.