கண்மாய்க்கு வந்த விருந்தாளிகள்: செல்போனில் கணக்கெடுப்போம் வாங்க!

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கிவிட்டால், நம்ம ஊர்க் கண்மாய்களில் ஒரு நீண்ட பயணத்துக்கான ஏற்பாடு நடக்கும். மழைக்காலத்தையொட்டி வந்து இறங்கிய வலசைப் பறவைகள், சித்திரை முடிவதற்குள் வடக்கே கிளம்பியாக வேண்டும். அதற்கு முன் புழு, பூச்சி, நத்தை என்று நன்றாகத் தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். அந்தக் கொழுப்புதான் வழிக்கான கட்டுச்சோறு. இந்த நேரத்தில் கண்மாயில் குப்பை கொட்டினாலோ, கரையோரச் சேற்றை மண் போட்டு மூடினாலோ, அந்தப் பறவை பசியோடுதான் கிளம்பும்.

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில் இருக்கும் பொட்டிப்புரத்தை நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் பலருக்கும் தெரியும். மேற்கே மலை, கீழே மானாவாரிக் காடு, தோட்டம், கண்மாய் என்று அமைந்த ஊர் அது. மலைப் பறவைகளையும் நீர்ப் பறவைகளையும் ஒரே காலைப்பொழுதில் பார்க்க இப்படிப்பட்ட அடிவாரம் ஏற்ற இடம். பெரியாறு அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில், 18-ம் கால்வாய் வழியாக உத்தமபாளையம், போடி வட்டாரக் கண்மாய்களுக்குத் தண்ணீர் வரும். தண்ணீர் நின்றால் பறவையும் நிற்கும்.

யார் யாரைப் பார்க்கலாம்?

தண்ணீரில் கூட்டமாக மிதக்கும் சிறிய வாத்துகளில், ஆணுக்குக் கண்ணுக்கு மேல் அகலமான வெள்ளைக்கோடு இருந்தால் அது நீலச்சிறகி. சேற்றோரத்தில் தத்தித் தத்திக் கொத்தும், முதுகில் பொரி சிதறினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் உள்ள பறவை பொரி உள்ளான். இது முட்டையிடுவது ஐரோப்பாவின் வட பகுதியிலும் சைபீரியாவிலும், காடுகளை ஒட்டிய சதுப்பு நிலங்களில். நாம் பங்குனியில் வழியனுப்பும் பறவைகளை, மே மாதத்தில் பின்லாந்து மக்கள் வசந்தத்தின் வரவாகப் பார்க்கிறார்கள்.

சோளக்காட்டில் இளஞ்சிவப்பும் கறுப்புமாகப் பெருங்கூட்டமாய் இறங்குவது சூறைக்குருவி. சோளப்பட்சி என்றும் சொல்வார்கள். தானியம் தின்றாலும், வெட்டுக்கிளிகளையும் நிறையத் தின்னும். இவற்றோடு நம்ம ஊர்க்காரர்களான மடையான், நாமக்கோழி, நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை ஆகியவற்றையும் விட்டுவிடாமல் எண்ணுங்கள்.

பதிவு செய்வது எப்படி?

1. 'இ-பேர்ட்', 'மெர்லின்' என்ற இரண்டு செயலிகளையும் பதிவிறக்குங்கள். இரண்டும் இலவசம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் நடத்துபவை. அடிவாரத்தில் சிக்னல் இருக்காது என்பதால், நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2. காலை ஆறரை மணிக்குள் கண்மாய்க்கரைக்குப் போய்விடுங்கள். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்றால் நிறம் தெளிவாகத் தெரியும்.

3. இ-பேர்டில் பட்டியலைத் தொடங்குங்கள். நேரத்தையும் நடந்த தூரத்தையும் ஜிபிஎஸ் மூலம் அதுவே குறித்துக்கொள்ளும். குறைந்தது 15 நிமிடம் பாருங்கள்.

4. பெயர் தெரியாத பறவையா? போட்டோ எடுத்து மெர்லினிடம் காட்டுங்கள். அது சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். அளவு, அலகு, கால் நிறம் பொருந்துகிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். சந்தேகம் தீராவிட்டால் 'உள்ளான் வகை' என்று பொதுவாகக் குறித்தால் போதும்.

5. கடைசியில், அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா என்று செயலி கேட்கும். காகம், மைனா உட்பட எல்லாவற்றையும் பதிந்திருந்தால் மட்டும் 'ஆம்' சொல்லுங்கள். அப்போதுதான் உங்கள் பட்டியலில் இல்லாத பறவை அன்று கண்ணில் படவில்லை என்பதும் ஒரு தகவலாகிறது. சிக்னல் கிடைத்ததும் அனுப்பிவிடலாம்.

கணக்கெடுத்து என்ன ஆகப்போகுது?

'முன்னெல்லாம் நிறைய வரும், இப்போ வர்றதில்லை' என்று பேசிக்கொண்டிருந்தால் அது வெறும் பேச்சு. தேதியோடும் எண்ணிக்கையோடும் இருந்தால் ஆதாரம். மாசியில் தொடங்கி வாரம் ஒருமுறை எண்ணினால், மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபைக் கூட்டத்துக்கு முன் நாலைந்து பட்டியல் சேர்ந்துவிடும். கண்மாயின் புல எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்கி, வருவாய்த் துறையின் நில ஆவண இணையதளத்தில் அ-பதிவேட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, கரையைப் பாதுகாக்கவும் குப்பை கொட்டுவதைத் தடுக்கவும் தீர்மானம் கேட்கலாம். கழிவு கொட்டுவதை நேரில் பார்த்தால், முதலமைச்சரின் உதவி மைய எண் 1100-க்குப் போன் செய்து புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். வலை, கண்ணி வைத்துப் பறவை பிடிப்பது 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

மலைக்குள் போகும் ஆசை வந்தால்

கண்மாய்க்கரையில் நின்று பார்ப்பது வேறு, காப்புக்காட்டுக்குள் நுழைவது வேறு. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்கக் கூடாது. மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும். அந்தத் துயரத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 40 தடங்களோடு தொடங்கியது. அதன் இணையதளத்தில் முன்பதிவு செய்தால், பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போகலாம். தேனி மாவட்டத் தடங்களும் பட்டியலில் உண்டு. தீ அபாயக் காலத்தில் தடங்கள் மூடப்படும் என்பதால், திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அவசரத்துக்கு 112.

சில கட்டுப்பாடுகள்

செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அதைக் கூப்பிடாதீர்கள். வேறு பறவை தன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று பதறி அலையும். கூடு இருக்கும் இடத்தை வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். செல்ஃபிக்காகக் கூட்டத்தைக் கலைக்காதீர்கள். ஒவ்வொரு முறை எழுந்து பறக்கும்போதும், சேர்த்து வைத்த கட்டுச்சோறு கொஞ்சம் குறைகிறது.

வருகிற ஞாயிறு காலை, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உங்க ஊர்க் கண்மாய்க்குப் போங்க. முதல் பட்டியலில் ஐந்து பறவைதான் இருந்தாலும் அனுப்பிவிடுங்கள். அடுத்த ஆண்டு இதே வாரத்தில் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.