கொதிக்கும் மோட்டார் யந்திரம்: காரணமறிந்து பழுது நீக்கும் முறை

அமிர்திப் பக்கத்து ஐக்கிய சங்கமொன்றின் அங்கத்தினர் ஒருவர், தமது பழைய மாருதி 800 வண்டியின் யந்திரத்தைப் பிரித்து முற்றிலும் புதுப்பிக்கவேண்டுமென்று கடன் மனுக் கொடுத்திருந்தார். மலைக்கிராமங்களில் சாமையும் புளியும் வாங்கி, கணியம்பாடி வழியாக வேலூருக்குக் கொண்டுபோய் விற்பது அவ்வண்டியில்தான். அதை வாங்கப் பெற்ற முதற்கடனில் இன்னும் ஆறு தவணை பாக்கி. வண்டி நின்றால் தவணையும் நிற்கும். ஆகையால் மனுவைப் பரிசீலிக்கச் சென்றவிடத்தில், கடன் கொடுக்கலாமா என்பதற்கு முன், வண்டி ஏன் கொதிக்கிறது என்பதையே முதலில் விசாரித்தோம்.

வேலூர்ச் சாலையில் வேகமாகப் போகையில் உஷ்ணமானி முள் நடுவிலேயே நிற்கிறது. அமிர்தியைக் கடந்து மலையேறுகையிலும், யந்திரம் ஓடியபடியே வண்டி நிற்கையிலும் மட்டும் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது என்றார். இந்த விடையிலேயே பாதி வைத்தியம் முடிந்துவிட்டது.

பெட்ரோல் எரிந்து உண்டாகும் உஷ்ணத்தில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. எஞ்சியது புகையோடும், யந்திரத்தைச் சுற்றி ஓடும் நீரோடும் வெளியேறவேண்டும். அந்நீரை ரேடியேட்டரில் காற்று ஆற்றுகிறது. வண்டி ஓடும்போது எதிர்காற்றே போதும். மெல்ல ஏறும்போதும் நிற்கும்போதும் விசிறிதான் காற்றை இழுக்கவேண்டும். அம்பாஸிடர், பியட் போன்ற பழைய வண்டிகளில் யந்திரத்தின் பெல்ட்டே விசிறியைச் சுழற்றும். பெல்ட் தளர்ந்தால் விசிறியும் நீர் பம்பும் சேர்ந்தே தளரும். 1983 முதல் 2014 வரை உற்பத்தியான மாருதி 800-இல் விசிறி மின்சாரத்தால் சுழல்வது. நீர் சூடேறியதும் ஒரு சுவிட்சு அதை ஓட்டும்.

நமது அங்கத்தினரின் வண்டியில் முள் ஏறியும் விசிறி அசையவில்லை. சுவிட்சை விலக்கி நேர் இணைப்புக் கொடுத்ததும் நன்றாகச் சுழன்றது. எனவே மோட்டாரிலும் பியூஸிலும் குற்றமில்லை, குற்றம் சுவிட்சிலேயே. நேர் இணைப்பிலும் சுழலாதிருந்தால் பியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பார்க்கவேண்டும். இவ்விசிறி யந்திரம் நின்றபின்னும் திடீரென்று சுழலக்கூடும். கையை உள்ளே விடலாகாது.

இன்னொரு குற்றமும் அகப்பட்டது. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. மூடி என்பது வெறும் அடைப்பு அன்று. அதன்மேல் 0.9 என்று பொறித்திருந்தால், சதுர சென்டிமீட்டருக்கு அவ்வளவு கிலோ அழுத்தம் உள்ளே தங்கும் என்று பொருள். அவ்வழுத்தத்தில் நீர் 100 டிகிரியில் கொதியாது. ஏறக்குறைய 118 டிகிரி வரை தாங்கும். மலைமேலோ காற்றழுத்தம் குறைவு; 900 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி கெட்ட வண்டி சமவெளியில் தப்பி, மலையில் பொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுவிட்சும் மூடியும் மாற்றியதற்கு, மனுவில் கேட்ட தொகையில் நூறிலொரு பங்குகூட ஆகவில்லை.

இதற்கு நேர்மாறாக, நிற்கையில் சாந்தமாயிருந்து, சமவெளியில் வேகமெடுக்கையில் கொதித்தால், நீரோட்டத்தில் தடையுண்டு. மேல்குழாய் சுட்டு, கீழ்க்குழாய் குளிர்ந்திருந்தால் தெர்மாஸ்டாட் திறக்கவில்லை, அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. தெர்மாஸ்டாட்டைக் கழற்றி, நூலில் கட்டி, அடுப்பிலேற்றிய நீரில் தொங்கவிட்டுப் பார்க்கலாம். அதன்மேல் பொறித்த டிகிரியில், பெரும்பாலும் 82-ஐ ஒட்டி, திறக்கத் தொடங்கவேண்டும். கெட்டதென்றால் புதியது போடுக. கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் வழக்கம் நம் பக்கத்தில் பரவியுள்ளது. அதனால் யந்திரம் தக்க சூட்டை அடையத் தாமதமாகி, பெட்ரோலும் தேய்மானமும் அதிகரிக்கும். ரேடியேட்டர் அடைப்புக்குப் பெரும்பாலும் உப்புநீரே காரணம். போர்க்கிணற்று நீரை ஊற்ற ஊற்ற, கொதிகெண்டியில் படிவதுபோல் குழல்களுள் சுண்ணாம்பு படிகிறது. காய்ச்சி வடித்த நீரும் கூலன்டும் கலந்து ஊற்றுதலே முறை. வழியில் கிடைத்த நீரை ஊற்ற நேர்ந்தால், ஊர் வந்ததும் வடித்து மாற்றிவிடவேண்டும்.

ஆயுத பூஜைக்குக் கட்டிய மாலையும் வாழைக்கன்றும் முன்பக்கத்தை மூடியபடியே மலையேறும் வண்டிகளையும் கண்டிருக்கிறோம். அவற்றுக்கு மெக்கானிக் வேண்டுவதில்லை.

வழியில் கொதித்துவிட்டால் உடனே ஓரங்கட்டி நிறுத்துக. மூடியைச் சூட்டோடு திறப்பவர் முகம் வேகும். அரைமணி நேரமாவது பொறுத்து, துணி போர்த்தி, மெல்லத் திருகவேண்டும். வற்றிய யந்திரத்தில் குளிர்நீரை ஊற்றினால் அலுமினிய ஹெட் கோணும், வெடிக்கவும் கூடும்.

யந்திரத்தைத் திறந்தே தீரவேண்டிய நிலைக்கு அடையாளங்கள் வேறு. குளிர்ந்த யந்திரத்தை மூடி திறந்தபடி ஓட்டுகையில் நீரில் குமிழிகள் ஓயாமல் எழுதல், எண்ணெய் பால் கலந்த காப்பி நிறமாதல், வெளியில் கசிவில்லாமலே நீர் குறைந்து வெண்புகை நெடுநேரம் வருதல் ஆகியவை கண்டால் ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம். அப்போதும் காஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிடலாகாது. ஹெட்டின் முகம் கோணியிருக்கிறதா என்று நேர்க்கோல் வைத்துப் பார்க்கச் சொல்லவேண்டும். அப்படிக் கடன் கோரும் அங்கத்தினர், மேற்சொன்னவற்றுள் எந்த அடையாளம் தம் வண்டியில் கண்டது என்பதை மனுவிலேயே எழுதித் தருவாராக. கழற்றிய பழைய காஸ்கெட்டையும் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கிவந்தால், பஞ்சாயத்தார் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க இயலும்.