மெல்லியற் பொருளும் ஆய்வாளர் அவையும்

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோயில் நெசவுத் தொழில் நடைபெறும் ஊர். பாவு நூலுக்குக் கஞ்சியிட்டு உரமேற்றுதல் நெசவாளர் அறிந்த முறை. கெட்டியாகக் காய்ச்சி ஆறவிட்ட கஞ்சி, கலத்தைச் சாய்த்தால் எளிதில் ஒழுகுவதில்லை. கோலால் கலக்கினால் இளகிவிடுகின்றது. அதனைத் திடப்பொருள் என்பதா, திரவம் என்பதா? தயிரும், சவர்க்கார நுரையும், குழைந்த களிமண்ணும் இவ்வினாவையே எழுப்புகின்றன. சிறு விசைக்கும் உருமாறும் இவற்றை மெல்லியற் பொருள்கள் எனலாம். பெரிய மூலக்கூறுகளோ நுண்துகள்களோ தளர்ந்த பிணைப்புடன் இவற்றுள் அமைந்திருக்கின்றன.

இவ்வினத்தைச் சார்ந்த திரவப் படிகத்தின் வரலாறு சுவையானது. 1888ஆம் ஆண்டில் ரைனிட்சர் என்னும் ஆஸ்திரிய நாட்டுத் தாவர நூல் அறிஞர், கொலஸ்டிராலிலிருந்து பெற்ற பொருள் ஒன்றைச் சூடாக்கினார். அது 145.5 பாகையில் உருகிக் கலங்கிய திரவமாயிற்று; 178.5 பாகையில் அக்கலங்கல் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா! வியப்புற்ற அவர், செருமானிய இயற்பியல் அறிஞர் லேமனுக்கு மடல் எழுதினார். லேமன் அதனை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, பாயும் பொருளிலும் படிகத்தின் ஒழுங்கு உண்டு என்றார். டாம்மன் முதலிய வேதியியலார் இதனை ஏற்கவில்லை. மாசு கலந்த குழம்பையே லேமன் கண்டார் என்று மறுத்தனர். இவ்வழக்கு எளிதில் தீரவில்லை. மறுத்தவர்களைப் பிடிவாதக்காரர் என்று இகழ்தல் பொருந்தாது. பொருள் தூயதுதானா என்று வினவுதல் ஆய்வாளர் கடமையன்றோ?

இத்தகைய வினாக்களை முகத்திற்கு நேரே எழுப்புவதற்கென்றே ஆராய்ச்சிக் கூடங்களில் கருத்தரங்குகள் முறையாக நடைபெறுகின்றன. ஒருவர் தம் சோதனையை விளக்க, மற்றவர் இடைமறித்து வினவுவர். பேராசிரியரும் இளைய மாணவரும் அங்கு ஒரு வரிசையினரே. சங்கரன்கோயிலுக்கு வடக்கேயுள்ள வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், இளமையிலேயே இவ்வழக்கத்தை மேற்கொண்டார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அவர் வேதியியல் செய்முறை பயிற்றுநராக இருந்தபோது, நண்பகல் உணவு வேளையில் மாணவர்களைக் கூட்டி அறிவியல் பேசுவார். பிற கல்லூரி மாணவரும் அதனை நாடி வந்தனர். பின்னர் அவர் கல்கத்தா சென்று சர் சி. வி. இராமனுடன் ஆராய்ந்ததையும், 1928இல் இராமன் விளைவு வெளிப்பட்டதையும் நாடறியும்.

இராமன் 1948இல் பெங்களூரில் நிறுவிய ஆராய்ச்சிக் கழகத்திற்கு, அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1971இல், அவருடைய மருகர் எஸ். சந்திரசேகர் மைசூரிலிருந்து வந்தார். திரவப் படிக ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார். விண்மீன்களை ஆராய்ந்த சந்திரசேகர் வேறு, இவர் வேறு. இயற்பியலாரும் வேதியியலாரும் ஒரே கூரையின் கீழ் அங்கு உழைத்தனர். புதிய மூலக்கூற்றை ஆக்கித் தருவோரும், அதனை அளந்து பார்ப்போரும் நாள்தோறும் உரையாடாமல் இத்துறையில் ஓரடியும் எடுத்து வைத்தல் இயலாது.

கோல்போல் நீண்ட மூலக்கூறுகளே திரவப் படிகமாகும் என்று அறிஞர் நெடுங்காலம் கருதி வந்தனர். சந்திரசேகர், சதாசிவா, சுரேஷ் ஆகிய மூவரும் வட்டத் தட்டுப் போன்ற மூலக்கூறுகளை எடுத்துக்கொண்டனர். நடுவே ஒரு பென்சீன் வளையம்; அதனைச் சுற்றி ஆறு நீண்ட கிளைகள். எக்ஸ் கதிரால் ஆராய்ந்தபோது, அவை நாணயங்களை அடுக்கினாற்போலத் தூண் தூணாக நிற்பது புலனாயிற்று. அம்முடிவு 1977இல் ‘பிரமாணா’ என்னும் இந்திய ஆய்விதழில் வெளிவந்தது. பிற நாட்டு ஆய்வுக்கூடங்களும் தட்டு மூலக்கூறுகளை ஆராயத் தொடங்கின. பின்னாளில், அத்தகைய மூலக்கூறுகளாலான மெல்லிய படலம், திரவப் படிகத் திரையைப் பக்கவாட்டில் அமர்ந்து பார்ப்பவர்க்கும் படம் தெளிவாகத் தோன்றத் துணைசெய்தது.