குழாய் எங்கே போனது?

அன்புள்ள மருமகனுக்கு,

கட்டுமானத் துறை தகவல் தொழில்நுட்பத்தில் எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று எழுதி வரச் சொல்லியிருக்கிறார்களாமே. கேமரன் மலையையே எடுத்துக்கொள். ஆனால் குத்தகையாளர் ஆபீஸில் எத்தனை கணினி, என்ன மென்பொருள் என்று பட்டியல் போடாதே. அது கடைச் சரக்குக் கணக்கு.

முதிர்ச்சியைப் படிப்படியாக அளக்கும் யோசனை மென்பொருள் துறையிலிருந்து வந்தது. அமெரிக்க ராணுவத்துக்கு மென்பொருள் எழுதும் நிறுவனங்களை எடைபோட, கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் வாட்ஸ் ஹம்ஃபிரி 1980களில் அதற்கு வழி வகுத்தார். மொத்தம் ஐந்து படி. முதல் படியில் வேலை ஒரு கெட்டிக்காரரின் தலைக்குள்ளேயே ஓடும். அவர் போனால் எல்லாம் போச்சு. மேலே போகப் போக முறை எழுத்தில் வரும், அளக்கப்படும், திருத்தப்படும்.

இதைப் பார்க்க, கேமரன் மலையில் ரிங்லெட் ஊர்ப் பக்கம் ஒரு தடுப்புச் சுவர் போதும். சுவருக்குப் பின்னால் தண்ணீர் வடியக் குழாய் பதிப்பார்கள். தோண்டும்போது பாறை தட்டும். சூப்பர்வைசர் குழாயை இரண்டடி தள்ளிப் போடச் சொல்லி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவார். "ஓகே பாஸ்" என்று பதில் வரும். அந்த இரண்டடியைத் துரத்திக்கொண்டு போ. வரைபடத்தில் ஏறியதா? செலவுக் கணக்கில்? நாளை மழையில் சுவர் உப்பினால், பழுது பார்க்க வருபவர் குழாயைக் கண்டுபிடிப்பாரா? சூப்பர்வைசர் போனை மாற்றினால் படமும் அதோடு போய்விடும்.

பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தைப் பார். கொழுந்தின் எடை, கிராணி என்கிற தோட்டக் கணக்கரின் செக்ரோல் பதிவேட்டில் ஏறி, சம்பளம் வரை போய்ச் சேரும். கணினி வருவதற்கு முன்பே இருந்த ஒழுங்கு அது. கார்பன் பேப்பர் வைத்து எழுதும் மேஸ்திரி, டேப்லெட் வைத்திருப்பவரைவிட ஒரு படி மேல் என்பது என் கட்சி.

மலேசிய அரசும் சும்மா இருக்கவில்லை. கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபி 2017இல் மைபிம் மையத்தைத் திறந்தது. கட்டடத்தின் முப்பரிமாண மாதிரியில் அளவு, பொருள், செலவு எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் முறைதான் 'பிம்'. 2019இல் 10 கோடி ரிங்கிட்டும் அதற்கு மேலுமான அரசுத் திட்டங்களுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது. நம் மலையில் எழும்பும் கடைவீடும் லயத்து வீடும் அந்த வாசற்படியை மிதிப்பதில்லை.

ஆகவே சூப்பர்வைசர், அளவைக் கணக்காளர், முதலாளி மூவரையும் தனித்தனியே கேள்: "கடைசி வரைபடம் எது?" மூன்று பதில் வந்தால் முதல் படி என்று தைரியமாக எழுது. கட்டுமானத் தளத்துக்குப் போகும் முன், அங்கே நுழையத் தேவையான சிஐடிபி கிரீன் கார்டு எடுத்துவிடு.

அன்புடன்,
மாமா