நெட்டில் போட்டிருந்தால் உண்மையா?



"ஆகஸ்ட் 27 இரவு வானத்தில் இரண்டு நிலா! செவ்வாய் கிரகம் முழு நிலவு அளவுக்குப் பெரிதாகத் தெரியும். இதை விட்டால் 2287-ல்தான்!" இந்தச் செய்தி முதலில் இ-மெயிலில் வந்தது. பிறகு ஃபேஸ்புக், வாட்ஸ்அப் என்று பல வருடம் சுற்றியது. "நெட்லயே போட்டிருக்குடா" என்று பலரும் நம்பினார்கள். இது எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் நமக்கு நல்ல பாடம் கிடைக்கும்.

2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் பூமிக்கு மிக அருகில், சுமார் 5 கோடியே 58 லட்சம் கி.மீ. தூரத்தில் வந்தது. ஏறக்குறைய 60,000 வருடங்களில் அவ்வளவு அருகில் வந்ததில்லை. இது உண்மை. அப்போது வந்த மெயிலில், "75 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் பார்த்தால், வெறும் கண்ணுக்குத் தெரியும் முழு நிலவு அளவில் செவ்வாய் தெரியும்" என்ற கருத்துதான் இருந்தது. கைமாறிக் கைமாறி தொலைநோக்கி காணாமல் போனது. வருடமும் காணாமல் போனது. அதனால் ஒவ்வொரு ஆகஸ்டிலும் புதுச் செய்தி மாதிரி வந்தது!

இதை நம்ம கணக்கு நோட்டிலேயே சோதிக்கலாம். நிலவின் விட்டம் சுமார் 3,475 கி.மீ., தூரம் சராசரியாக 3,84,400 கி.மீ. செவ்வாயின் விட்டம் சுமார் 6,780 கி.மீ. அதாவது செவ்வாய் நிலவைப்போல் 1.95 மடங்கு அகலம். ஆனால் அன்று 145 மடங்கு தூரத்தில் இருந்தது. 1.95-ஐ 145-ஆல் வகுத்தால் சுமார் 75-ல் ஒரு பங்கு. விட்டுப்போன அந்த 75 இங்கே வந்து நிற்கிறது பாருங்கள்!

எனவே எந்தச் செய்தியைப் படித்தாலும் ஐந்து கேள்வி கேளுங்கள்.

1. யார் சொன்னது? "விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்" என்றால் எந்த விஞ்ஞானி? டாட் காம் முகவரியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். 'ஜி.ஓ.வி. டாட் ஐ.என்.' என்று முடியும் முகவரி இந்தியாவில் அரசுக்கு மட்டுமே. தேர்வு முடிவு, உதவித்தொகை விவரம் அங்கேதான் பார்க்க வேண்டும்.

2. எப்போது சொன்னது? தேதி மட்டும் போதாது, வருடம் வேண்டும்.

3. முழுசா சொல்லியிருக்கா? பாதி வாக்கியம் முழுப் பொய்யாகிவிடும்.

4. வேறு யார் சொல்கிறார்கள்? பத்து இடத்தில் ஒரே வாக்கியம் இருந்தால் அது பத்து சாட்சி அல்ல, ஒரே சாட்சியின் பத்து நகல்.

5. நாமே சோதிக்க முடியுமா? கணக்கு, பாடப்புத்தகம், ஆசிரியர் எல்லாம் பக்கத்திலேயே இருக்கிறார்களே!

"இதெல்லாம் சின்ன விஷயம்தானே?" என்று கேட்காதீர்கள். செவ்வாய் விஷயத்தில் ஏமாந்தால் நஷ்டம் ஒரு இரவுத் தூக்கம். ஆனால் 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போனவர்கள் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். "பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்க" என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியை நம்பியிருந்த கூட்டம் அவர்களை அடித்தது. 65 வயது மூதாட்டி ஒருவர் இறந்துபோனார். அந்த வதந்தியை அனுப்பியவர்கள் யாரும் அவரைப் பார்த்ததுகூடக் கிடையாது. அவர்கள் செய்தது விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் பெரியவர்கள். விசாரிக்க நேரம் இல்லையா? அப்படியானால் அடுத்தவருக்கு அனுப்பாமலாவது இருப்போம். வதந்தி நம்மோடு நிற்கட்டும்!